களத்தைச் சுற்றி நின்ற கைகளுக்கு நன்றி

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள பெரியவர்களே, அண்ணன்மாரே, அக்காமாரே, பிள்ளைகளே, வணக்கம்.

நாய்களின் அஜிலிட்டி போட்டி, அதாவது நாய்கள் தடைகளைத் தாண்டியும் ஏறியும் நுழைந்தும் ஓடும் போட்டி, நல்லபடியாக நடந்து முடிந்தது. ஓடிய நாய்களில் ஒன்றுகூட நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. கோப்பை யாருக்குப் போனது என்பதைவிட எங்களுக்கு அதுதான் பெரிது. அதற்குக் காரணமான உங்களுக்கு இந்த மடல்.

நாய் ஏறி நடக்கும் ஏற்ற இறக்கப் பலகையான சீசாவைப் பழுதுபார்த்துத் தந்த வெல்டிங் அண்ணனுக்கு முதல் நன்றி. நம்மூர்க் கடற்காற்றில் நடு அச்சு துருவேறி இறுகிவிட்டது. அச்சு இறுகினால் பலகை மெதுவாக இறங்கும். நாய் நுனிக்கு வந்த பிறகும் பலகை அந்தரத்திலேயே நிற்கும். அங்கிருந்து குதித்தால் முன்னங்காலும் தோள்பட்டையும் அடிவாங்கும். எடை குறைந்த ஜாக் ரஸ்ஸல் இன நாய்க்கு ஆபத்து இன்னும் அதிகம். அண்ணன் அச்சைத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயாக மாற்றி, கிரீஸ் தடவி, தூக்கி நிற்கும் பாதியின் நடுவில் 1 கிலோ உளுந்துப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தார். 2, 3 விநாடியில் பலகை தரையைத் தொட்டால் சரி. அதைவிட வேகமாக விழுவதும் நல்லதல்ல. ‘டமால்’ என்ற சத்தத்தில் ஒருமுறை மிரண்ட நாய், மறுமுறை பாதிப் பலகையில் நின்றுவிடும். தீபாவளி வெடிக்குப் பயப்படும் நாயாக இருந்தால் ஏறவே மறுக்கும். பலகை தரையில் படும் இடத்தில் பழைய டயர் ரப்பரை ஒட்டியது நாங்கள் கேட்காமலே அவர் செய்த உதவி.

நாய் ஏறி நடந்து இறங்கும் நடைபலகைக்கும், கூரைபோல இருபுறமும் சரிந்த ஏ-சட்டத்துக்கும் வண்ணம் பூசிய தச்சர் தாத்தாவுக்கு நன்றி. நாயின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். அதனால் பலகைக்கு நீலம், கால் பட்டே ஆகவேண்டிய அடிப்பகுதிக்கு மஞ்சள். நடைபலகையில் அந்தப் பகுதி 90 சென்டிமீட்டர், ஏ-சட்டத்தில் 106. வழுக்காமலிருக்க மணல் தூவினால் பாதத்தோல் தேய்ந்துபோகும் என்று, பொறுமையாக ரப்பர்த் துகளைப் பசையிட்டு ஒட்டினார்.

பக்கி என்ற சிறு சரக்கு வண்டியில் மணல் மூட்டை கொண்டுவந்த தம்பிகளே, பிற்பகலில் வடகிழக்குக் காற்று எழுந்தபோதும் நாய் நுழைந்து ஓடும் சுரங்கக் குழாய் அசையாமல் கிடந்தது உங்களால்தான். மூட்டையைக் குழாயின் மேலே ஏற்றிவிட்டால் 60 சென்டிமீட்டர் வாய் நசுங்கி, வேகமாக வரும் நாய் உள்ளே இடித்துக்கொள்ளும். நீங்கள் இருபுறமும் தரையில் வைத்து, நடுவில் அகலப் பட்டையால் இணைத்தீர்கள்.

நாய் தாண்டும் தடைகளில் குறுக்குக் கம்பு தூக்கிவைத்த பள்ளிப் பிள்ளைகளின் வேலையைப் பார்வையாளர்கள் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். கம்பு லேசாக உரசினாலே விழ வேண்டும், விழாவிட்டால் நாயின் கால்தான் சிக்கும். கம்பின் உயரம் சிறிய நாய்க்கு 25 முதல் 30 சென்டிமீட்டர், பெரிய நாய்க்கு 55 முதல் 60. ஒவ்வொரு பிரிவு மாறும்போதும் எல்லாத் தடைகளையும் மாற்ற வேண்டும். அவசரத்தில் கம்பைத் தாங்கும் கிண்ணங்களில் ஒரு முனை மேல் கிண்ணத்திலும் மறுமுனை கீழ்க் கிண்ணத்திலும் உட்கார்ந்துவிடுவது வழக்கமாக நேரும் பிழை. பிள்ளைகள் இருவர் இருவராகச் சென்று, ஒருவர் வைக்க மற்றவர் சரிபார்த்தார்கள். நாய் ஓடும்போது வெயிலில் சிலைபோல நின்றார்கள். பக்கத்தில் ஒரு கை ஆடினாலே போதும், தரையில் வரிசையாக நட்ட 12 கம்புகளின் இடையே வளைந்து ஓடும் நாய்க்குத் தாளம் தப்பிவிடும்.

பரிசோதித்த கால்நடை மருத்துவருக்கும் நன்றி. ஈறு வெளுத்திருக்கிறதா, காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று ஒவ்வொரு நாயையும் பார்த்தார். நம் பக்கத்தில் பிலியரி காய்ச்சல் என்ற இரத்த நோய் உண்ணியால்தான் வருகிறது. ஈறு வெளுத்து, சோர்ந்து கிடக்கும் நாயை அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். 18 மாதம் நிறையாத குட்டிகளை அவர் ஓடவிடாதது சிலருக்கு வருத்தம்தான். ஆனால் எலும்பு முற்றாத குட்டியைத் தாண்டவைப்பதை நாங்கள் ஒருநாளும் ஏற்கமாட்டோம். வெயிலில் மூச்சிரைத்த நாய்க்கு ஈரத் துண்டைப் போர்த்தி மூடாமல், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறியைத் திருப்பிவைக்கச் சொன்னதும் அவரே.

பீன்ஸ் கறியும் ரொட்டியும் சமைத்துப் போட்ட அக்காமாருக்குத் தனி நன்றி. வெங்காயம், வெந்த கோழி எலும்பு, பாயசத்தில் போடும் உலர்திராட்சை மூன்றுமே நாய்க்கு ஆகாது. நீங்கள் சாப்பாட்டுப் பந்தலைக் களத்துக்கு எட்டத்தில் போட்டு, எச்சில் வாளிகளை மூடியே வைத்திருந்தீர்கள்.

மைதானம் தந்த கோயில் நிர்வாகத்தாருக்கு எங்கள் வணக்கம். கம்பு நட்ட குழிகளை மண்ணிட்டு மூடிவிட்டோம்; கால் இடறும்படி எங்காவது இருந்தால் சொல்லுங்கள், வந்து சரிசெய்கிறோம். அக்காமாரின் மூடிபோட்ட வாளிகள் இரண்டு எங்களிடம் தங்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலை கழுவிக் கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
நாய்ப் பயிற்சிக் குழுவினர்