குறுவைக்குக் காலாண்டுக் கணக்கு தெரியாது

எங்கள் பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவினருக்கும், என் ஆய்வுக்குப் பணம் தரும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

தஞ்சைப் பக்கம் நெல் உலர்த்துவதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உதவித்தொகை, இயந்திரம் எல்லாம் நிறுவனம் தருவது. அது இல்லாவிட்டால் நான் படிக்கவே வந்திருக்க முடியாது. நன்றியோடுதான் எழுதுகிறேன்.

நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை கேட்கிறது. ஆய்வு ஆலோசனைக் குழு செமஸ்டருக்கு ஒருமுறை முன்னேற்றம் கேட்கிறது. எனக்கு வேண்டிய ஈர நெல்லோ குறுவை என்னும் குறுகிய காலப் பருவத்தின் அறுவடையில், மழைக்கு நடுவே சில வாரங்கள்தான் கிடைக்கும். விட்டால் அடுத்த வருஷம். போன அக்டோபரில் அந்த நாட்களில் பாதி, நிறுவனத்தின் வேறொரு இயந்திரத்தை ஊர் ஊராக டெமோ காட்டுவதில் போனது. தீசிஸில் அது ஒரு வரிகூட ஆகாது. டிசம்பரில் குழு “டேட்டா எங்கே?” என்றபோது நெறியாளரும் நானும் பதிலில்லாமல் நின்றோம்.

அதைவிட உறுத்துவது இன்னொன்று. கொள்முதல் நிலையத்துக்கு வெளியே ஒரு அக்கா ரோட்டில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். 17 சதவீத ஈரம்தான் வரம்பு, அவர் நெல் 21 காட்டியிருந்தது. “தம்பி, வீட்டுக்கு வச்ச நெல்ல அரைச்சா பாதி நொய்யாப் போவுது, எப்படிக் காயவைக்கிறது?” என்றார். கடும் சூட்டில் வேகமாகக் காய்ந்தால் மணி விரிசல் விடும், நடுநடுவே குவித்து நிழலில் ஆறவிடுங்கள் என்றேன். இது எல்லாரும் அறிந்ததுதான். “எவ்வளவு நேரம்?” என்று கேட்டார். அந்தக் கணக்கு என் நோட்டில் இருக்கிறது. சொல்ல முடியவில்லை. அதை எழுதிய என் ஆய்வுக் கட்டுரை எட்டு மாதமாக நிறுவனத்தின் அனுமதிக்குக் காத்துக் கிடக்கிறது.

முன்கூட்டி வெளியிட்டால் காப்புரிமை கைவிட்டுப் போகும் என்ற பயம் நியாயமானது. ஆனால் தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பைப் பற்றிய முதற்கட்ட விவரத்தோடு, இப்போதே விண்ணப்பித்து, முழு விவரத்தை 12 மாதத்துக்குள் தர நம் சட்டம் இடம் கொடுக்கிறது. அதைச் செய்துவிட்டால் கட்டுரையைத் தடுக்க என்ன காரணம் இருக்கிறது?

பல்கலைக்கழகத்தாருக்கும் ஒரு வார்த்தை. நிறுவனத்தோடு போட்ட ஆய்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் நீங்கள். நான் அதைப் பார்த்ததே சேர்ந்த பிறகுதான். இடையில் மாட்டிக்கொண்ட மாணவனே போய்ப் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

நிறுவனம் கட்டுரையைப் படிக்க 60 நாள் கெடு, பதில் வராவிட்டால் சம்மதம் என்று ஒப்பந்தத்தில் சேருங்கள். அறுவடை வாரங்களில் டெமோ வேண்டாம். அப்புறம், நிறுவனத்துக்கும் குழுவுக்கும் ஒரே அறிக்கை போதும்.

ஜூன் 12 வழக்கமாகக் குறுவைக்கு மேட்டூர் அணை திறக்கும் நாள். அதற்கு முன்னால் ஒருநாள் எல்லாரும் உட்காருவோம். திருத்த வேண்டிய ஷரத்துகளை நான் எழுதிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆய்வு மாணவன்