யாழ்ப்பாணம் போயிட்டு வந்த பிள்ளைக

அன்புள்ள மாப்ளைக்கு,

உனக்கும் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம். அத்தைக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு எழுதியிருந்த, பெரிய நிம்மதி, பிசியோதெரபிய மட்டும் பாதில விட்றாதீங்க, வலிக்குதுன்னு உக்காந்துட்டா முட்டி அப்படியே இறுகிரும். இங்க வெயில் தாங்கல, வைகைல தண்ணி இல்ல, மத்தபடி எல்லாரும் சுகம்.

எங்க வாலிபர் சங்கப் பிள்ளைக யாழ்ப்பாணம் போனாங்களே அது என்னாச்சுன்னு கேட்டிருந்த. போன்ல சொன்னா பாதிதான் வரும், அதான் டைப் பண்றேன், பெரிசாத்தான் இருக்கும் பொறுமையா படி. கடைசில உன்கிட்ட ஒரு உதவி கேக்கணும், நீ வக்கீலா இருக்கறதால.

நான் கூடப் போகல, எங்க பெரியவ போனா, நர்சிங் கடைசி வருசம். மத்ததுகளும் காலேஜ் பிள்ளைகளும் இப்பத்தான் வேலைக்குச் சேந்த பிள்ளைகளும்தான், கூட ஆயரும் அவங்க வீட்டம்மாவும். கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ்ல வந்த காணிக்க, பிரியாணி போட்டு வித்த காசு, மிச்சம் அவங்கவங்க கைக்காசு. நாகப்பட்டினத்துலருந்து காங்கேசன்துறைக்கு கப்பல் விடுறாங்கள்ல, 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு உடனே நின்னு போயி மறுவருசம் ஆகஸ்டுல திரும்ப ஓட ஆரம்பிச்சதே, அதுலதான் போனாங்க, நாலு மணி நேரம்தான் ஆகுமாம். பாதிப் பிள்ளைகளுக்கு வாந்தி.

போறதுக்கு முன்னாடி இதுக ஸ்கிட்டு, டான்ஸு, கைப்பிரதின்னு ஏகத்துக்கு ரெடி பண்ணி வச்சிருந்துச்சுக. ஆயர் ஒரே வார்த்தைல நிப்பாட்டிட்டாரு, டூரிஸ்ட் விசாவுல போறோம், கூட்டம் போடுறதோ நோட்டீஸ் குடுக்குறதோ கூடாது, அங்க உள்ள சபையார் எங்க கூட வந்து தங்குங்க, வேல இருந்தா செய்யுங்கன்னு கூப்பிட்டிருக்காங்க, விருந்தாளியா போறோம்னு சொல்லிட்டாரு. பிள்ளைகளுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. கூடல்நகர் பையன் ஒருத்தன் இருக்கான், ஒரு கம்பெனில டெக்னீசியனா இருக்கான், அவன் நேராவே கேட்டுட்டான், "அப்ப எதுக்கு அங்கிள் இதுக்கு மிஷன் ட்ரிப்புன்னு பேரு?"ன்னு.

எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடிச்சிருந்துச்சு மாப்ள. ஆயர் அதுக்கு நாகப்பட்டினம் போற பஸ்லதான் பதில் சொன்னாராம். நம்ம ஊருக்கு மிஷன் எங்கிட்டுருந்து வந்துச்சு தெரியுமான்னு ஆரம்பிச்சு, அமெரிக்கன் மிஷன்காரங்க 1816லயே யாழ்ப்பாணத்துல தெல்லிப்பழைல வந்து இறங்கிட்டாங்க, வட்டுக்கோட்டைல 1823ல செமினரி தொடங்கி, 1824ல உடுவில்ல பொம்பளப் பிள்ளைகளுக்கு போர்டிங் ஸ்கூல் வச்சு, அங்கருந்துதான் 1834ல மதுரைக்கு ஆள் அனுப்புனாங்க. மிஷனரி ஸ்பால்டிங் வந்து ஊரப் பாத்துட்டுப் போக, அதே வருசம் ஹொய்சிங்டனும் டாடும் வந்தாங்க, அவங்களுக்கு உதவியா வட்டுக்கோட்டைல படிச்ச யாழ்ப்பாணத்துப் பயலுகளும் கடல் தாண்டி வந்திருக்காங்க. நம்ம படிச்ச அமெரிக்கன் காலேஜ், பசுமலை எல்லாத்துக்கும் வேரு அங்கதான் போகுது, அதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனா வெள்ளக்காரர் பேரச் சொல்ற அளவுக்கு நம்ம சபைகள்ல அந்த யாழ்ப்பாணத்துப் பயலுகள யாரு சொல்றா? அவங்களும் இதே வயசுதான் இருந்திருப்பாங்க, சொந்த ஊர விட்டு பாஷ தெரிஞ்ச ஆனா ஒரு முகம் தெரியாத ஊருக்கு வந்து, வெள்ளக்காரர் பேசுனத நம்ம சனத்துக்குப் புரிய வச்சது அவங்கதானே. பஸ்ல தூங்காம கேட்டுச்சுகளாம்.

அங்க போனப்புறம்தான் நம்ம சி.எஸ்.ஐ.க்கு, அதான் தென்னிந்தியத் திருச்சபைக்கு, இலங்கைலயே ஒரு திருமண்டலம் இருக்குங்கறதே பாதிப் பிள்ளைகளுக்குத் தெரிஞ்சிருக்கு, 1947லருந்து இருக்கு, முதல் பிஷப் குலேந்திரன். வட்டுக்கோட்டை கோயில்ல ஞாயித்துக்கிழம ஆராதனைல நம்ம பாடுற அதே ஆர்டர், அதே கீர்த்தன, ராகம் மட்டும் அங்கங்க வேற. எங்க பெரியவளுக்கு மானிப்பாய் ஆஸ்பத்திரிதான் கண்ணுக்குள்ளயே நிக்கிது. டாக்டர் கிரீன்னு ஒருத்தர் 1847ல வந்து, தமிழ்லயே டாக்டர் படிப்பு சொல்லிக் குடுத்திருக்காரு மாப்ள, அதுக்காக புஸ்தகமெல்லாம் தமிழ்ல மொழிபெயர்த்து. இவ இங்க அனாட்டமிய இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணி அழுதவ, அங்க நின்னு அத்தன நேரம் கேட்டுட்டு இருந்திருக்கா.

சரி, நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்ல. தெல்லிப்பழைப் பக்கம் 1990ல மிலிட்டரி வந்து சனத்த மொத்தமா கிளப்பி விட்டுட்டு பாதுகாப்பு வலயம்னு வேலி போட்டுட்டாங்க, சண்ட 2009ல முடிஞ்சும் நிலத்த கொஞ்சங் கொஞ்சமாத்தான் விட்டாங்க, இன்னும் முழுசா விடல. அப்படித் திரும்பிக் கிடைச்ச ஒரு வளவுல ஒரு வயசான அம்மா குடியிருக்காங்க, இருபது வருசத்துக்கு மேல அடுத்தவங்க வீட்டுலயும் வாடகை வீட்டுலயும் காலத்த ஓட்டிட்டு வந்தவங்க. வீட்டுக்கு சுவருதான் மிச்சம், முன்னாடி ஒரு தகர ஷெட்டு. கிணறு முழுக்க இடிபாடு. கண்ணிவெடி எல்லாம் பாத்து கிளியர் பண்ணுன இடம்தான். சபையார் நம்ம பிள்ளைகள அங்கதான் வேலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. புதர வெட்டி, கிணத்துல இறங்கி தூர் வாரி, கையெல்லாம் கொப்புளம். அந்தம்மா சைவம், உடுவில்ல படிச்சவங்க, பைபிள் வசனம் நம்ம பிள்ளைகள விட நல்லா சொல்றாங்களாம், திருநீறும் பூசிருக்காங்க. புட்டும் சொதியும் ஆக்கிப் போட்டு, மதுரைல எந்தப் பக்கம்னு கேட்டிருக்காங்க. கூடல்நகர்னு சொன்னதும், "அப்ப ஆனையூர் கிட்டவோ? என்ர தம்பி அங்க கேம்பிலதான் இருக்கிறான்"னு சொல்லிருக்காங்க.

90ல தலைமன்னார் பக்கம் போயி படகேறி ராமேஸ்வரம், மண்டபம், அப்புறம் ஆனையூர் அகதி முகாம். அக்கா அங்க, தம்பி இங்க. கூடல்நகர் பையன் வீட்டுலருந்து நடந்து போற தூரம், அவனுக்கு அப்படி ஒரு ஆளு அங்க இருக்காருன்னு கடல் தாண்டிப் போயித்தான் தெரிஞ்சிருக்கு. அந்தம்மா கேட்டது என்னன்னா, தினம் வீடியோ கால்ல பேசுறோம், ஆனா அவன் எப்பவும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவான், போன்ல நெஞ்சுக்கு மேலதான் தெரியுது, நீங்க போயி பக்கத்துல உக்காந்து பாத்து நடக்குறானா சாப்புடுறானான்னு எனக்கு உண்மையச் சொல்லுங்கன்னு. ஒரு பொட்டலம் பனங்கட்டியும் ஒடியல் மாவும் குடுத்து விட்டிருக்காங்க.

திரும்பி வந்து பயலுக சும்மா இருக்கல. கேம்புக்குள்ள வெளியாளு நினைச்ச நேரம் போயிர முடியாதுல்ல, மனு எழுதி, அலைஞ்சு, அனுமதி வாங்கித்தான் போனாங்க. போயிப் பாத்தா பெரியவருக்கு கால்ல சுகர் புண்ணு. பெயிண்டிங் வேலைக்குப் போனவரு, இப்ப முடியல, துணியச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்காரு, அக்காவுக்குச் சொல்லல. எங்க பெரியவ புண்ணப் பாத்ததும் மறுநாளே பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிட்டா. இப்ப டிரெஸ்ஸிங் நடக்குது, வெரல எடுக்க வேண்டியது இருக்காதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அக்காவுக்கு போன் போட்டு உள்ளத உள்ளபடி இவதான் சொன்னா. அந்தம்மா அழுதுட்டு, உண்மையச் சொன்னதுக்கு நன்றின்னாங்களாம்.

சபைல ரிப்போர்ட் வாசிச்சப்ப ஒரு பெரியவர் எந்திரிச்சு இவ்வளவு செலவு பண்ணி எத்தன ஆத்துமா ஆதாயம், எத்தன பேரு விசுவாசத்துக்கு வந்தாங்கன்னு கேட்டாரு. அவரு தப்பா கேக்கல, பாரம் உள்ள மனுசன்தான். ஆனா எனக்கு மனசு கேக்கல, நானும் எந்திரிச்சேன். நான் வியாதியாயிருந்தேன் என்னை விசாரிக்க வந்தீர்கள்னு ஆண்டவர் சொன்னதுக்கு அப்புறம் நமக்கு என்ன கணக்கு, ஆனையூர்ல அந்த மனுசனை விசாரிக்க தெல்லிப்பழைலருந்து ஆள் சொல்லி விட வேண்டியதாப் போச்சேன்னு சொன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லிட்டேன் போல. வாலிபப் பிள்ளைக கை தட்டுச்சுக, ஆயர் அடக்குனாரு.

இப்ப உன்கிட்ட கேக்க வேண்டியது. ஆனையூர் கேம்புப் பெரியவருக்கு ஒரு பேரன், கேம்புல பிறந்தவன், பி.காம் முடிச்சிட்டு அவனும் பெயிண்டிங்தான் போறான். நம்ம பயலுக கூட நல்லா ஒட்டிக்கிட்டான், அடுத்த தடவ கப்பல்ல நானும் வரவா, தாத்தாவோட அக்கா இருக்கற ஊரயும் தாத்தா வீட்டயும் பாக்கணும்னு கேக்கறான். என்ன பதில் சொல்ல? 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்தியாவுல பிறந்திருந்தா அவன் இந்தியக் குடிமகன், மண்டபம் கேம்புல 86ல பிறந்த ஒரு பொண்ணுக்கு பாஸ்போர்ட் குடுக்கச் சொல்லி நம்ம ஐகோர்ட்டு மதுரை பெஞ்சுலயே 2022ல தீர்ப்பு வந்துச்சுல்ல. ஆனா இவனுக்கு அப்பா அம்மா ரெண்டு பேருமே 90லயோ அதுக்கப்புறமோ வந்தவங்க, இவன் பிறந்ததும் அதுக்கு அப்புறம்தான், அந்த வழி அடைபட்டுப் போச்சு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் இலங்கைக்காரங்கள சேக்கல. 2015க்கு முன்னாடி வந்து பதிவு பண்ணுன அகதிகளுக்கு பாஸ்போர்ட் விசா இல்லங்கறதுக்காக தண்டன கிடையாதுன்னு 2025 செப்டம்பர்ல ஆர்டர் போட்டாங்க, அது இங்க இருக்கறதுக்கு சரி, போயிட்டுத் திரும்பி வர்றதுக்கு ஆகுமா? சென்னைல இலங்கைத் துணைத் தூதரகத்துல பிறப்பப் பதிஞ்சு அவங்க பாஸ்போர்ட் எடுத்தா, இங்கருந்து வெளிய போற பெர்மிட்டு கிடைக்குமா, போனா திரும்ப அம்மா அப்பாகிட்ட வர விடுவாங்களா, இல்ல ஒரேடியா அனுப்பிருவாங்களா? இத சும்மா யாரோ சொன்னத வச்சு அந்தப் பையன்கிட்ட ஆசை காட்ட எனக்கு இஷ்டம் இல்ல. நீ விசாரிச்சு தெளிவா எழுது, ஐகோர்ட்டுல இந்தக் கேஸ் பாக்கறவங்க யாராவது இருந்தா பேசிப் பாரு, ஃபீஸ் விசயம் வாலிபர் சங்கம் பாத்துக்கும்.

அவன் வர முடியாட்டி இன்னொரு யோசன இருக்கு, யாழ்ப்பாணத்து வாலிபர்கள அறுப்பின் பண்டிகைக்கு இங்க கூப்பிடணும்னு ஆயர்கிட்ட சொல்லியிருக்கேன், அவங்களோட அந்தம்மாவும் சேந்து வந்து தம்பியப் பாத்துட்டுப் போகட்டும். வயசு எழுபத்தஞ்சு தாண்டிருச்சு, தள்ளிப் போட முடியாது. அவங்க பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் குடுத்துட்டாங்களாம். இந்திய விசாவுக்கு நாங்க ஸ்பான்சர் லெட்டர் குடுக்கணுமா, அதுக்கு என்ன ஃபார்மட்டுன்னும் சேத்து எழுது.

அத்தைகிட்ட நான் கேட்டதா சொல்லு.

அன்புடன்,
உன் மாப்ள