ஜெர்மனி, கொலோனிலிருந்து அப்பாவுக்கு

சேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். குளிர் இன்னும் முழுசாக இறங்கவில்லை. போனில் நீங்கள் கேட்டதற்கு டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன், இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டாம் ஜான் பால் மாதிரி கண்டிப்பான பாப்பரசர் இருந்தால் சாமியாராகப் படிக்கும் குருமடம் நிறையும், பிரான்சிஸ் ரொம்ப இடம் கொடுத்ததால்தான் ஐரோப்பாவில் குருவாக வரும் அழைத்தல் வற்றிவிட்டது என்று கோவில் வாசலில் பேசிக்கொள்கிறார்கள் என்றீர்களே, இங்கே இருந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை அப்பா.

இந்த ஊர்க் கதையையே கேளுங்கள். கொலோனுக்கு ஆயரை (பிஷப்பை) ரோம் நேராகப் போட்டுவிட முடியாது. பழைய ஒப்பந்தப்படி ரோமிலிருந்து மூன்று பெயர் வரும், பெரிய கோவில் குருக்கள் குழு அதில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். 1988-ல் அந்தக் குழுவுக்கு இஷ்டமில்லாமலேயே, பெர்லின் ஆயராக இருந்த மைஸ்னரை ஜான் பால் பிடிவாதமாக இங்கே கொண்டுவந்தார். மறுவருஷமே 160-க்கும் மேற்பட்ட இறையியல் பேராசிரியர்கள் கையெழுத்துப் போட்டு, பாப்பரசர் வரம்பு மீறுகிறார் என்று அறிக்கை விட்டார்கள். மைஸ்னர் அசரவில்லை, 2014 வரை ஆண்டார். கண்டிப்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பலன்? ஜெர்மனியில் 1962-ல் குருப்பட்டம் வாங்கியவர்கள் 557 பேர். 80-களில் கொஞ்சம் ஏறியது உண்மைதான், ஆனால் 90-களிலிருந்து ஒரே சரிவு, யார் பாப்பரசராக இருந்தாலும். 2024-ல் நாடு முழுக்க வெறும் 29.

உலகக் கணக்கு வேறே என்பீர்கள், சரி. ஜான் பால் வந்த 1978-ல் குருமட மாணவர்கள் ஏறக்குறைய 64 ஆயிரம், 2011-ல் 1 லட்சத்து 20 ஆயிரம். அந்த ஏற்றமெல்லாம் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் நம்ம ஆசியாவிலும். இறக்கம் தொடங்கியதும் ஜான் பாலுக்குப் பின் வந்த பெனடிக்ட் காலத்திலேயே, பிரான்சிஸ் வந்தது 2013-ல்தானே.

பாப்பரசரின் குணம் தெரிவது ஆயர்களிடத்தில். இங்கே லிம்புர்க் ஊர் ஆயர் தன் மாளிகை வளாகத்துக்கு 3 கோடி யூரோவுக்கு மேல் இறைத்தார், 2014-ல் பிரான்சிஸ் அவருடைய ராஜினாமாவை வாங்கிக்கொண்டார். ஊரே கைதட்டியது. அதே பிரான்சிஸ், குருக்களால் சிறுவர்களுக்கு நடந்த பாலியல் கொடுமைகளில் திருச்சபை தவறியதற்குப் பொறுப்பேற்று மியூனிக் கர்தினால் மார்க்ஸ் 2021-ல் ராஜினாமா கொடுத்தபோது, சில நாளிலேயே வேண்டாம், இருங்கள் என்று எழுதிவிட்டார். எங்கள் கொலோன் கர்தினால் வோல்கி விஷயம்தான் இழுபறி. அந்தக் கொடுமைகளைப் பற்றிய முதல் விசாரணை அறிக்கையை அவர் வெளியிடாமல் வைத்ததில் சனங்களுக்கு ஆத்திரம். சில மாதம் ஓய்வில் இருந்துவிட்டு 2022 மார்ச்சில் திரும்பியபோது அவர் ராஜினாமா கொடுத்தார். பிரான்சிஸ் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, 2025 ஏப்ரலில் கண்ணை மூடும்வரை. எனக்கு பிரான்சிஸைப் பிடிக்கும், ஆனாலும் இப்படித் தொங்கலில் விட்டது சரியில்லை. கண்டிப்பான பாப்பரசரிடம் ஆயருக்குப் பயமாவது இருக்கும், இங்கே நாளைக்கு நாம் இருப்போமா மாட்டோமா என்றே தெரியாமல் ஒருவர் மறைமாவட்டத்தை நடத்தினார்.

அந்த 2022-ல் மட்டும் நாடு முழுக்க 5 லட்சம் பேருக்கு மேல் திருச்சபையை விட்டு விலகினார்கள். இங்கே விலகுவதென்றால் கோர்ட்டுக்குப் போய் 30 யூரோ கட்டி எழுதிக் கொடுக்க வேண்டும் (அதற்கும் டோக்கன் கிடைக்காமல் காத்துக் கிடந்தார்கள்!). விலகாத என்னைப் போன்றவர்களுக்கு வருமான வரியில் 9 சதவீதம் கோவில் வரியாகச் சம்பளத்திலேயே பிடிப்பு.

எங்கள் பங்குக் கோவிலில் பூசை வைப்பது ஆந்திராவிலிருந்து வந்த சாமியார். அவருக்கு ஐந்து கோவில், ஞாயிறு காலையில் கார் ஓட்டியே களைத்துவிடுவார். பூசையில் உதவும் பீடச்சிறுவர்களில் ஒருவனுக்கும் குருமட ஆசை இல்லை. அவர்களுக்கு ரோமில் நடப்பது தெரியாது, இந்தச் சாமியாரின் ஓட்டம்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

புதுப் பாப்பரசர் லியோ ரோமில் 2023-லிருந்து ஆயர் நியமனங்களைப் பார்த்துவந்தவர், பெருவில் ஆயராகவும் இருந்தவர். அதனால் கோப்புகளைக் கிடப்பில் போடமாட்டார் என்று நம்புகிறேன்.

தம்பி மகன் குருமடத்துக்குப் போகிறேன் என்கிறானாமே, முதலில் பிளஸ் டூவை முடிக்கட்டும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி முடிவானதும் சொல்லுங்கள், பணம் அனுப்புகிறேன்.

உங்கள் அன்பு மகள்