பூனைகளை ஏற்காட்டுக்கு ஏற்ற வேண்டாம்

எங்கள் தெரு குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கு வணக்கம்.

தெருப் பூனைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து ஏற்காட்டில் விட்டுவிடலாம் என்று போன கூட்டத்தில் பேசியதாகக் கேள்விப்பட்டேன். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

இவை அம்மாபேட்டையில் தறி வீடுகளை அண்டி வளர்ந்தவை. எந்த வீட்டில் மீன் அலசுவார்கள், மழைக்கு எந்தத் திண்ணையில் ஒதுங்கலாம் என்பதெல்லாம் அத்துப்படி. இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டிக் குளிரில் இறக்கிவிட்டால், தண்ணீர் எங்கே என்றுகூடத் தெரியாமல் அலையும். பசி தாகத்தில் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

எல்லாப் பூனையும் ஒன்று என்று நினைக்காதீர்கள். செவலைக் கடுவன் யார் வந்தாலும் வாலைத் தூக்கிக்கொண்டு வந்து காலை உரசும். மூன்று நிறப் பெட்டை அப்படியில்லை. தட்டை வைத்துவிட்டு நாம் நாலடி தள்ளிப் போனால்தான் வரும். ஒரு வாய் தின்னும், தலையைத் தூக்கிப் பார்க்கும், மறுபடி ஒரு வாய். முறைத்துப் பார்த்தால் ஓடிவிடும். பக்கவாட்டில் உட்கார்ந்து கண்ணை மெதுவாக மூடித் திறந்தால், சில நாள் அதுவும் மூடித் திறக்கும். அதற்கு மேல் தொட விடாது, விடவும் வேண்டாம். பிறந்த இரண்டு முதல் ஏழு வாரத்துக்குள் மனிதக் கை படாத குட்டி பெரும்பாலும் இப்படித்தான் வளரும்.

காது கிழிந்த கிழட்டுக் கடுவன் பிள்ளைகளைப் பார்த்துச் சீறுகிறது என்கிறீர்கள். சரி, சீறுகிறது. சுவர் மூலையில் மடக்கி வாலை இழுத்தால் வேறென்ன செய்யும்? கிட்டே வராதே என்று சொல்கிறது. வழி விட்டால் தன் பாட்டுக்குப் போய்விடும்.

குட்டிகள் பெருகுவது உண்மைதான். ஐந்து மாதத்திலேயே பெட்டை சினைப்படலாம், சினைக்காலமும் ஒன்பது வாரம்தான். ராத்திரிச் சண்டை, ஓலம், வாசலில் மூத்திர நாற்றம் எல்லாம் கருத்தடை செய்தால் நன்றாகக் குறையும். வெறுமனே அகற்றினால் பக்கத்துத் தெருப் பூனைகள் வந்து இடத்தைப் பிடிக்கும். அதுவரை எலி பாவு நூலைக் கடித்தால் நஷ்டம் நெசவாளிக்குத்தான்.

கூண்டை என்னிடம் கொடுங்கள். ஒவ்வொன்றாகக் கருத்தடைக்குக் கொண்டுபோகிறேன். மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியை லேசாக வெட்டிவிடச் சொன்னால், எது முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். செலவில் பாதியைச் சங்கம் ஏற்கட்டும், மீதியைச் சோறு வைக்கும் வீடுகள் பகிர்ந்துகொள்கிறோம். அப்புறம், வாசலில் ஃபினாயில் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். மிதித்த பாதத்தை நக்கினால் பூனைக்கு அது விஷம்.

இப்படிக்கு,
மூன்றாவது சந்தில் பூனைகளுக்குச் சோறு வைப்பவள்