பொம்மையின் உறையைக் கழற்றிவிட்டு வாருங்கள்

பேரிடர் பயிற்சிகளுக்குப் பொறுப்பான மாவட்ட அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் டெல்டாவின் கடலோரக் கிராமம் ஒன்றில் நடுநிலைப் பள்ளிச் சத்துணவு அமைப்பாளர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். புயல் என்றால் எங்கள் பள்ளிக்கூடம்தான் முகாம், முகாம் என்றால் சாவி என்னிடம். பேரிடரில் முதலில் உதவிக்கு நிற்க வேண்டிய முதல் நிலை பொறுப்பாளர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விளக்கத் தேவையில்லை.

போன மாதம் எங்களுக்கு நடந்த பேரிடர் முதலுதவிப் பயிற்சியைப் பற்றித்தான் இந்த மடல். எந்த வட்டம், எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. யாரையும் மாட்டிவிட வேண்டும் என்பது என் எண்ணமில்லை.

காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். ஒன்பதே முக்காலுக்கே தலையாரிகள், தூய்மைப் பணியாளர்கள், தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர்கள், மரம் அறுக்கிற பையன்கள், எங்கள் சமையல் உதவியாளர்கள் என்று அறுபது பேர் உட்கார்ந்துவிட்டோம். சிறப்பு விருந்தினர் வரும்போது பதினொன்றே முக்கால். வரவேற்புரை, முன்னிலை உரை, பொன்னாடை எல்லாம் முடிந்து பயிற்சி ஆரம்பித்தபோது பன்னிரண்டரை. திரையில் இருந்ததெல்லாம் ஆங்கிலம். பயிற்சியாளர் அதை வேகமாகப் படித்தார், நடுநடுவே "புரியுதா?" என்று கேட்டார். புரிந்தது என்று தலையாட்டினோம். வேறென்ன செய்ய?

மேசை மேல், இதயத் துடிப்பு நின்றவருக்குச் செய்வது போல நெஞ்சு அழுத்திப் பழகும் பொம்மை ஒன்று, பிளாஸ்டிக் உறை போட்டபடியே படுத்திருந்தது. நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, இரண்டு அங்குலம் உள்ளே போகிற மாதிரி, நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை அழுத்த வேண்டும் என்றார் பயிற்சியாளர். இரண்டு அங்குலம் எவ்வளவு பலம் கேட்கும் என்பது அழுத்திப் பார்த்தால்தானே தெரியும்? எங்கள் ஊர்த் தூய்மைப் பணியாளர் அக்கா எழுந்து, "ஒரு தடவ அமுக்கிப் பாக்கட்டா சார்?" என்று கேட்டார். "அழுக்காயிடும்மா, அடுத்த வட்டத்துக்குக் கொண்டு போகணும்" என்று பதில் வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு ஊர் அழுக்கை முழுக்க வாருகிறவரிடம் சொன்ன பதில் இது. அவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுக்கலாமா என்று எங்கள் பள்ளிச் சமையல் ஆயா கேட்டார். ஊரில் எல்லோரும் செய்வது அதுதான், சாவிக்கொத்தை எடுத்து ஓடுவோம். நேரமாகிவிட்டது, கடைசியில் பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் நடந்தது போட்டோ. ஆளுக்கொரு ஒளிரும் ஜாக்கெட் கொடுத்து வரிசையாக நிற்க வைத்தார்கள். போட்டோ முடிந்ததும் ஜாக்கெட்டை எண்ணித் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சான்றிதழ் மட்டும் எங்களுக்கு. அதில் நான் "பேரிடர் மீட்பு மற்றும் முதலுதவியில் பயிற்சி பெற்றவர்". என் பெயரை மட்டும் சரியாக அடித்திருந்தார்கள், அதற்கு நன்றி.

இதற்குப் போய் ஏன் மடல் எழுதுகிறாள் என்று நினைக்கலாம். கஜா புயல் சமயத்தில் நடந்த ஒன்றை இதுவரை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா கரையைக் கடந்தது. அன்று இரவும் எங்கள் பள்ளியில் முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கரண்ட் இல்லை, டவர் இல்லை, ரோடு முழுக்கத் தென்னையும் கம்பமும். விறகு நனைந்து அடுப்பு பிடிக்காமல் இழுத்ததில் சோறு இறக்கவே பதினொரு மணி ஆகிவிட்டது. அதற்குள் பல பேர் தூங்கிவிட்டார்கள். அதில் ஒரு பாட்டி. வழக்கம்போல எட்டு மணிக்குச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சோறு வரும் என்று காத்திருந்து, அப்படியே சுருண்டு படுத்துவிட்டார்.

இரண்டு மணி வாக்கில் அவர் பேத்தி வந்து என்னை எழுப்பினாள். போய்ப் பார்த்தால் பாட்டிக்குச் சேலை பிழிகிற அளவுக்கு வியர்வை. மழைக் குளிரில் அந்த வியர்வை. கை நடுங்குகிறது, செத்துப்போன தாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டுகிறார், தொட்டால் கையைத் தட்டிவிடுகிறார். ஒருவர் விபூதி போட்டார். ஒருவர் நெஞ்சுவலி என்றார். புயலில் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று இன்னொருவர். நான் முறத்தால் விசிறினேன். பேத்தி ஓடிப்போய் மிச்சமிருந்த டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொண்டு வந்தாள். "உன் பாட்டிக்குச் சுகர் இருக்குடி, இதையா குடுக்கிறது?" என்று அதட்டி அந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தது நான்தான்.

ஒரு பையன் சைக்கிளைத் தோளில் தூக்கி மரங்களைத் தாண்டிப் போய், கிராம சுகாதார செவிலியரை அழைத்து வந்தான். அவர் வந்து சேர நாலு மணி. வந்தவர் கேட்டது இரண்டே கேள்வி. "சுகர் மாத்திர போடுறவங்களா? ராத்திரி சாப்பிட்டாங்களா?" அப்புறம், "சக்கர எங்க இருக்கு?"

பத்தடி தூரத்தில் இருந்தது. நிவாரணத்துக்கு வந்த மூட்டை, பதினைந்து கிலோ, பதிவேட்டில் என் கையெழுத்தோடு.

பாட்டியால் விழுங்க முடிகிறதா என்று முதலில் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார் செவிலியர். பிறகு சர்க்கரைத் தண்ணீர். கால் மணி நேரத்தில் பாட்டி எழுந்து உட்கார்ந்து, "என் சுருக்குப்பை எங்கடி?" என்று கேட்டார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்கக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்று செவிலியர் பிறகு எனக்குச் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னார்.

அதிகாரிகளே, ஒரு பத்து வயதுப் பெண் சரியாகச் செய்ததை, சான்றிதழ் வாங்கும் தகுதியுள்ள நான் தடுத்தேன். சர்க்கரை ஏறுவது மட்டுமல்ல, மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் அது இறங்குவதும் ஆபத்து என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. போன மாதப் பயிற்சியிலும் யாரும் சொல்லவில்லை. முகாம் என்றாலே முதியவர்கள், முதியவர்கள் என்றால் சுகரும் பிரஷரும். இதைச் சொல்லித்தர டாக்டர்கூட வேண்டாம். நாங்கள் வைத்தியம் பார்க்கவும் கேட்கவில்லை. வைத்தியம் வந்து சேரும்வரை ஒருவரைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்குச் சொல்லித்தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பேரிடர்த் தன்னார்வலர்களை உருவாக்கும் ஆப்த மித்ரா திட்டத்தில் இளைஞர்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல திட்டம், நல்ல பிள்ளைகள். ஆனால் ரோடு அடைத்துக் கிடக்கிற இரவில் அவர்களும் எங்கோ அந்தப் பக்கம்தான் நிற்பார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்போது ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் சிக்கியவர்களுக்கு முதலில் சோறாக்கிப் போட்டது பக்கத்து ஊர்க்காரர்கள்தான். ஹெலிகாப்டர் அதற்குப் பிறகு. எப்போதும் முதலில் வருவது பக்கத்தில் இருப்பவர்தான், அவருக்கு என்ன தெரியுமோ அவ்வளவுதான் அந்த நேரத்துக்கு உதவி.

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பல மட்டத்து ஊழியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி நடத்துவதை மாவட்ட ஆணையத்தின் கடமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ஆகவே நான் சலுகை எதுவும் கேட்கவில்லை. தொட்டுப் பழகும் பயிற்சி வேண்டும், தமிழில் வேண்டும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வேண்டும்.

மரம் அறுக்கிற பையன்களைப் பாருங்கள். வளைந்து அழுந்திக் கிடக்கிற மரத்தை எந்தப் பக்கம் நின்று அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது எப்படித் துள்ளி அடிக்கும் என்பதை ஒரு வனத்துறைக்காரர் அரை மணி நேரத்தில் காட்டிவிடுவார். இப்போது அவர்கள் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு, ஈரத் தரையில் அறுக்கிறார்கள். அந்த மரத்தில் கம்பி சிக்கியிருக்கிறதா, மின்சாரம் நிறுத்தப்பட்டதா என்று உறுதி செய்ய யாரிடம் கேட்பது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. தூய்மைப் பணியாளர்கள் வெறுங்காலோடு வெள்ளத்தில் இறங்குகிறார்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சலைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னார்கள்? ரண ஜன்னி வராமல் தடுக்கும் டிடி ஊசி எப்போது போட்டார்கள்? ஜாக்கெட் எண்ணுகிற கவனத்தில் கொஞ்சம் இதற்கும் இருந்தால் நன்றாக இருக்கும்.

எங்களுக்குத் தேர்தல் வந்தால் ஒரு வேலை, கணக்கெடுப்பு வந்தால் ஒரு வேலை, மந்திரி வந்தால் கோலம் போடுவதுகூட எங்கள் ஆயாக்கள்தான். இத்தனை வருடம் ஆகியும் காலமுறை ஊதியம்... சரி, அது வேறு மடல். இங்கே வேண்டாம். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள். அடுத்த பயிற்சியை மண்டபத்தில் வைக்காதீர்கள், எங்கள் பள்ளிக்கூடத்தில் வையுங்கள். முகாம் அங்கேதானே நடக்கப் போகிறது? ஒரு தடவையாவது சாயங்காலம் இருட்டிய பிறகு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஒத்திகை பார்ப்போம். கிராம சுகாதார செவிலியரையும் லைன்மேனையும் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவரையும் அனுப்புங்கள். சிறப்பு விருந்தினர் வேண்டாம். டீ நாங்களே போட்டுத் தருகிறோம், சர்க்கரையோடு. அந்தத் தூய்மைப் பணியாளர் அக்கா முதல் ஆளாகப் பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பார்க்கட்டும். ஆயாவின் இரும்புக் கேள்விக்கும் அன்றைக்காவது பதில் சொல்லிவிடுங்கள்.

ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு சனிக்கிழமை போதும். பள்ளிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. எந்தத் தேதி என்று முந்தின நாள் சொல்லிவிட்டால் நான் திறந்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு சத்துணவு அமைப்பாளர்