ஆவாரை கேட்டதற்கு வேறு கன்று அனுப்பியது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா,

போன ஆடி மாதம் உங்கள் இணைய நர்சரியில் 'ஆவாரை, நாட்டுச்செடி' என்று பூவின் படத்தோடு போட்டிருந்ததைப் பார்த்து 4 கன்றுகள் வாங்கினேன். கோவைக்கு வெளியே எங்கள் வீடு. சுற்றிலும் வேலியெல்லாம் போய் மனையாகிவிட்டது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை வீட்டிலேயே இருக்கிறது. ஆவாரம்பூவைக் காசு கொடுத்து வாங்குகிறோம். வாசலோரம் நாலு செடி இருந்தால் நம் கையாலேயே பறித்துக்கொள்ளலாமே என்று அம்மாவுக்கு ஆசை.

கன்றுகள் ஒரே வருடத்தில் என் தலைக்கு மேல் போய்விட்டன. ஒரு பூ இல்லை. ஆவாரை அடியிலிருந்தே கிளைத்துப் புதராக நிற்கிற செடி. சந்தேகப்பட்டு, பல்லடம் சாலையோரம் பூத்திருந்த ஆவாரையில் ஒரு கொத்து ஒடித்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆவாரையில் ஒவ்வோர் இலைக்காம்பின் அடியிலும் காதுமடல் மாதிரி அகலமான இரண்டு மடல்கள், தண்டை ஒட்டியே இருக்கின்றன. சிற்றிலைகளின் நுனி மழுங்கல். நீங்கள் அனுப்பியதில் அந்த மடலே இல்லை, இலை நுனியும் கூர்மை. வனத்துறையில் இருக்கும் உறவினர் பார்த்துவிட்டு, 'இது சென்னா ஸ்பெக்டபிலிஸ்' என்றார். அமெரிக்க வெப்பமண்டலத்து மரம். முதுமலைக் காட்டில் பரவி, வனத்துறை அகற்றிக்கொண்டிருக்கும் அதே மரம். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

உங்கள் சேவை எண்ணில் பேசியவர், 'ரெண்டும் மஞ்சள் பூதானே மேடம், 7 நாளுக்குள் சொல்லியிருக்கணும்' என்றார். கன்று வாடி வந்திருந்தால் 7 நாளில் சொல்லியிருப்பேன். ஒரு சாண் கன்றில் இனம் மாறியிருப்பதை வாங்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அது விற்கிறவர் பார்த்து அனுப்ப வேண்டியது.

கூரியரோடு சேர்த்து நான் கட்டிய 570 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியம், அதே சமயத்தில் இந்தக் கன்றை வாங்கிய எல்லோருக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். மலையடிவாரத்தில் வீடு இருப்பவர்களும் அதில் இருக்கக்கூடும். காய்த்து விதை விழுந்துவிட்டால் அப்புறம் யாராலும் தடுக்க முடியாது. தளத்திலிருந்தும் அந்தக் கன்றை எடுத்துவிடுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன்.

என் வீட்டிலிருந்த நான்கையும் வேரோடு தோண்டி எடுத்துவிட்டேன். தோண்டுவதற்கு முன் எடுத்த படங்களும் ரசீதும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், கோவை