பாரதிக்காகப் புத்தகம் புரட்டியவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

ஈரோடு கருங்கல்பாளையத்திலிருந்து எழுதுகிறேன். பாரதி எங்கள் ஊருக்கு வந்து பேசிய நாளை நினைவுகூரும் ஜூலை 31 கூட்டம் நல்லபடியாக முடிந்தது. நன்றி சொல்ல நான் எழுந்தபோது மழை பிடித்துக்கொண்டதால் பாதிப் பேரை விட்டுவிட்டேன். விட்டதை இதில் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. பாரதியை யானை மிதித்ததாம், அங்கேயே உயிர் போய்விட்டதாம், அப்புறம் அவர் ஈரோட்டுக்கு வந்து பேசினார் என்பது ஊர்க்காரர்கள் கட்டிவிட்ட கதையாம். முடிவில் முண்டாசுப் படத்தின் மேல் நான்கு வரி, 'பாரதியின் கடைசிக் கவிதை' என்று. தமிழர்களைச் சபித்து, வாழ்ந்ததே வீண் என்று புலம்பும் வரிகள். எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பிலேயே நாலு பேர் போட்டு, கீழே அழுகிற பொம்மையும் வைத்திருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் ராத்திரி பதினொன்றரைக்கு உட்கார்ந்து, வீடியோ போட்டவரை நறுக்கென்று திட்டி ஒரு பதில் எழுதினேன். போடுவதற்கு முன் தமிழ் ஐயாவுக்கு அனுப்பினேன். "அழிச்சுட்டுப் படு கண்ணு, காலைல பாத்துக்கலாம்" என்று ஒற்றை வரி வந்தது. முதல் நன்றி அந்த வரிக்கு.

மறுநாள் டீக்கடை பெஞ்சில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என் போனை வாங்கினார். மூன்றாவது வரியில் விரலை வைத்தார். 'மன அழுத்தம்' என்றிருந்தது. "1921-ல பாரதிக்கு ஏது கண்ணு மன அழுத்தம்? கவலைன்னு எழுதியிருப்பாரு, துயர்னு எழுதியிருப்பாரு. இது நம்ம காலத்து டாக்டருங்க பேச்சாச்சே." அந்த நாலு வரியை நான் இருபது தடவையாவது படித்திருப்பேன், கண்ணில் படவே இல்லை.

ஆனால் ஒரு சொல்லை வைத்து மட்டும் பேசக்கூடாது என்று சொன்னவர்கள் கல்லூரித் தங்கைகள் இருவர். சீனி. விசுவநாதன் காலவரிசைப்படி தொகுத்த பாரதி படைப்புகளை ஐயா வீட்டுத் திண்ணையில் பரப்பி வைத்து மூன்று நாள் பக்கம் பக்கமாகத் தேடினார்கள். இருப்பதைத் தேடுவது சுலபம். இல்லாததை இல்லை என்று சொல்லக் கடைசிப் பக்கம்வரை போகவேண்டும். போனார்கள். அந்த நாலு வரி எங்கேயும் இல்லை. கிடைத்தது வேறு: ஈரோட்டுக்கு ரயிலில் வந்து இறங்கி, வண்டி பிடித்துக் கருங்கல்பாளையம் சேர்ந்ததைப் பாரதியே சுதேசமித்திரன் பத்திரிகையில் எழுதிய கட்டுரை! செத்துப்போனவரா எழுதினார்?

நடந்தது இதுதான். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. அவருடைய அன்பர் குவளைக்கண்ணன் யானை நின்ற இடத்துக்குள் பாய்ந்து தூக்கிவந்தார். காயம் ஆறி, மறுபடி வேலைக்குப் போய், ஊர் ஊராகப் பேசவும் போனார். வக்கீல் தங்கப்பெருமாள் பிள்ளை அழைப்பில் 1921 ஜூலை 31 அன்று எங்கள் ஊர் வாசகசாலையில் அவர் பேசிய தலைப்பு 'மனிதனுக்கு மரணமில்லை'. மறுநாள் ஈரோட்டில் பேசியது இந்தியாவின் எதிர்கால நிலை பற்றி. வாழ்க்கை வெறுத்தவன் எடுக்கிற தலைப்பா இவை? அப்புறம் ஆறே வாரத்தில், செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, வயிற்றுக்கடுப்பில் போய்விட்டார். வயது 38.

இதை ஒன்றரைப் பக்கம் எழுதி எல்லா குரூப்பிலும் போட்டேன். யாரும் படிக்கவில்லை. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் அக்கா ஒருவர் அதையே தன் பேச்சில் ஒரு நிமிடம் சொல்லி அனுப்பினார், பின்னால் தறிச் சத்தம் அப்படியே கேட்க. "ஏனுங், யானை தள்ளுனப்பறம் நம்மூருக்கு வந்து மரணமே இல்லைன்னு பேசிட்டுப் போன மனுசனுங் அவரு." ஒரே நாளில் அது சேலத்திலிருந்து எனக்கே திரும்பி வந்தது. அக்கா, என் ஒன்றரைப் பக்கம் சார்பாகவும் உங்களுக்குக் கும்பிடு.

சந்தை பக்கத்து டீக்கடை அண்ணனுக்கும் நன்றி. வியாழக்கிழமை மாட்டு வியாபாரிகள் கூடுகிற நேரம் பார்த்து, கட்டுரையின் நகலைப் பால் கேனுக்கு மேலே ஒட்டிவைத்தார்.

பாரதி எழுத்து 1949-லேயே அரசுக்கு வந்து, பிறகு எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், நல்லதுதான். ஆனால் அவர் பேரில் இல்லாததை ஒட்டினால் 'எங்கள் சொத்து' என்று வழக்குப் போட ஆள் கிடையாது. நீங்கள்தான் வந்தீர்கள்.

கடைசியாக, வீடியோ போட்ட தம்பிக்கு. மண்டிக் கணக்கு எழுதும் அண்ணன் உங்களை அழைத்து, "தெரியாம போட்டிருப்பீங்க சாமி" என்றுதான் ஆரம்பித்தாராம். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டீர்கள். கூட்டத்துக்கும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள், பார்த்தேன். நான் எழுதி அழித்த பதிலை நீங்கள் படிக்காததில் எனக்குத்தான் நிம்மதி.

அப்புறம் ஒன்று. ஐயாவின் தொகுதிகளில் ஒன்று இன்னும் திரும்பவில்லை. ஈரோடு கட்டுரைப் பக்கத்தில் பஸ் டிக்கெட் அடையாளம் வைத்திருக்கும். எடுத்துப் போனவர் படித்து முடித்துவிட்டே கொண்டுவரலாம் என்கிறார் ஐயா. நான் அப்படிச் சொல்லவில்லை, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
கருங்கல்பாளையத்து வாசகன்